பிடிச்சா மட்டும் போதாது, விடணும்! கழிவுநீரில் போகும் பாஸ்பரஸும் அதை மீட்கும் கரியும்

ஒரு சின்னக் கணக்கில் இருந்து ஆரம்பிக்கலாம்.

நீங்கள் 100 வீடுகள் உள்ள ஓர் அபார்ட்மென்ட்டில் இருக்கிறீர்கள். மொத்தம் 400 பேர். ஒரு மனிதர் சாப்பாட்டில் எடுத்துக்கொள்ளும் பாஸ்பரஸில் கிட்டத்தட்ட எல்லாமே சிறுநீரிலும் மலத்திலும் வெளியே போய்விடுகிறது. ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் அரை கிலோ என்று வைத்துக்கொண்டால், உங்கள் அபார்ட்மென்ட்டில் இருந்து வருடத்துக்கு 200 கிலோ பாஸ்பரஸ் கழிவுநீரில் போகிறது.

இப்போது உரக்கடைக்கு வாருங்கள். 50 கிலோ டிஏபி மூட்டையில் இருக்கும் பாஸ்பரஸ், தனிமக் கணக்கில் பார்த்தால், சுமார் 10 கிலோதான். அதாவது உங்கள் அபார்ட்மென்ட் வருடத்துக்கு 20 மூட்டை டிஏபியில் இருக்கிற அளவு பாஸ்பரஸை ஃப்ளஷ் செய்கிறது. அதே டிஏபிக்காக விதைப்பு நேரத்தில் கூட்டுறவுச் சங்க வாசலில் விவசாயிகள் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்தப் பாஸ்பரஸைக் கழிவுநீரில் இருந்து திரும்ப எடுக்க முடியுமா? முடியும். அதற்கு ஒரு வழியாக உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பேசப்படுவது, பதப்படுத்திய பயோசார் எனும் உயிர்க்கரி. ஆனால் அதைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் தவறான எண்ணைத்தான் தலைப்பில் போடுகின்றன. 'நீரிலிருந்து இத்தனை சதவீதம் நீக்கியது' என்பது பாதிக் கதை. மீதிப் பாதி என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

பாஸ்பரஸ் ஏன் இவ்வளவு முக்கியம்?

நம் எலும்பு, பல், டிஎன்ஏ, செல்களுக்குள் ஆற்றலைச் சுமந்து செல்லும் ஏடிபி மூலக்கூறு எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. பயிருக்கும் அப்படித்தான். நைட்ரஜனைக் காற்றில் இருந்து எடுத்து யூரியா தயாரிக்கலாம். பாஸ்பரஸுக்கு அந்த வசதி இல்லை. பாறையைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக வேறொரு தனிமத்தைப் பயிருக்குப் போடவும் முடியாது.

அந்தப் பாறை எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். உலகில் கணக்கிடப்பட்ட பாஸ்பேட் பாறை இருப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மொராக்கோ, மேற்கு சஹாரா பகுதியில் இருக்கிறது. நம் நாட்டில் ராஜஸ்தானின் உதய்பூர் அருகே ஜாமர்கோட்ராவில் சுரங்கம் உண்டு. ஆனாலும் நம் தேவையில் பெரும்பங்கு இறக்குமதிதான். பாறையாகவோ, பாஸ்பாரிக் அமிலமாகவோ, டிஏபியாகவோ கப்பலில் வருகிறது.

வெளியூர்க் கிணற்றை நம்பி வெள்ளாமை செய்தால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2007-08ல் பாஸ்பேட் பாறையின் விலை டன்னுக்குச் சுமார் 50 டாலரில் இருந்து 400 டாலருக்கு மேல் ஏறியது. 2021 மே மாதம் டிஏபி மூட்டையின் உண்மை விலை 2,400 ரூபாயைத் தொட்டபோது, மத்திய அரசு மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை 1,200 ரூபாயாக உயர்த்தித்தான் விவசாயிக்குப் பழைய விலையில் கொடுத்தது. அந்தப் பணம் உங்கள் வரியும் என் வரியும்தான். அதே ஆண்டு இறுதியில் சீனா உர ஏற்றுமதியை இறுக்கியது. அடுத்த ஆண்டு உக்ரைன் போர் வந்தது.

சுத்திகரிப்பு நிலையத்தில் அது போகாதா?

'எங்க அபார்ட்மென்ட்லதான் எஸ்டிபி இருக்கே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

வழக்கமான சுத்திகரிப்பில் நுண்ணுயிரிகள் கழிவைத் தின்கின்றன. கழிவில் இருக்கும் கார்பனில் கணிசமான பங்கு கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். அமைப்பு சரியாக இருந்தால் நைட்ரஜனும் வாயுவாக வெளியேறும். பாஸ்பரஸ் அப்படிப் பறந்து போகாது. அதற்கு இரண்டே இடம்தான்: ஒன்று, அடியில் தங்கும் கசடு. இன்னொன்று, வெளியே போகும் நீர். சாதாரண நிலையங்களில் ஒரு சிறு பங்குதான் கசடுக்குப் போகிறது. மீதி நீரோடு வெளியேறுகிறது.

அந்த நீர் ஏரிக்குப் போனால்? கனடாவின் ஒன்டாரியோவில் 1973ல் ஒரு பிரபலமான சோதனை நடந்தது. 226 என்ற எண் கொண்ட ஏரியின் குறுகிய நடுப்பகுதியில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பன், நைட்ரஜன். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பக்கம் பாசி பிடித்துப் பச்சையானது. மற்றப் பக்கம் தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்தது.

பாசி என்றால் வெறும் பச்சை நிறம் மட்டுமில்லை. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஈரி ஏரியில் பெருகிய நச்சுப் பாசியால் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் சில நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது. நம் ஊரில் கூவத்தையும் அடையாற்றையும் மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரைக்கும் தீனி இதே சத்துகள்தான். வயலில் பற்றாக்குறை, ஏரியில் அளவுக்கு மீறிய செழிப்பு. ஒரே பொருள், இடம்தான் மாறியிருக்கிறது.

சாதாரணக் கரி ஏன் உதவாது?

பயோசார் என்பது பயிர்க் கழிவையோ மரத்தையோ, காற்று மிகக் குறைவாக உள்ள இடத்தில் 350 முதல் 700 டிகிரி வரை சூடாக்கிக் கிடைக்கும் கரி. ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேல மரத்தை அடுக்கி, மண் போட்டு மூடி எரிக்கும் கரிமூட்டத்தின் அடிப்படை அறிவியலும் இதுதான். கட்டுப்பாடும் நோக்கமும் வேறு.

கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அதனால் அழுக்கை உறிஞ்சும் என்று நாம் நினைப்போம். ஆனால் பாஸ்பரஸ் விஷயத்தில் அது நடப்பதில்லை. ஏன்னா, நீரில் பாஸ்பரஸ் பாஸ்பேட்டாக இருக்கிறது. அதற்கு எதிர்மின்னூட்டம். பெரும்பாலான கரிகளின் மேற்பரப்புக்கும் எதிர்மின்னூட்டம்தான். இரண்டு காந்தத்தின் ஒரே முனைகளை ஒட்டவைக்கப் பார்ப்பது போல, விலகிப் போய்விடும்.

இங்குதான் 'பதப்படுத்துதல்' வருகிறது. தேங்காய் மட்டை, வைக்கோல், கரும்புச் சோகை போன்ற ஒன்றை மெக்னீசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, பிறகு கரியாக்குகிறார்கள். கரியின் துளைச் சுவர்களில் மெக்னீசியம் ஆக்சைடு துகள்கள் படிகின்றன. சாதாரணக் கழிவுநீரில் இந்தத் துகள்களின் மேற்பரப்பு நேர்மின்னூட்டம் கொள்ளும். பாஸ்பேட் வந்து ஒட்டிக்கொள்ளும். அதோடு நிற்காமல், மெக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிகமாகவும் மாறும். நீரில் அம்மோனியம் இருந்தால் அதுவும் சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்ற படிகம் உருவாகும். சுத்திகரிப்பு நிலையக் குழாய்களில் கல்போல் படிந்து அடைக்கிற அதே பொருள். நல்ல உரமும்கூட.

மெக்னீசியத்துக்குப் பதில் கால்சியம், இரும்பு, அலுமினியம், லாந்தனம் என்று பல உலோகங்களை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். எந்த உலோகம் என்பதில்தான் முழுக் கதையும் திரும்புகிறது.

பிடிப்பதா, விடுவதா?

பிடிப்பதில் போட்டி வைத்தால் லாந்தனம் முன்வரிசையில் நிற்கும். மிகக் குறைந்த அளவு பாஸ்பேட்டைக்கூட விடாமல் பற்றிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 1990களில் லாந்தனம் ஏற்றிய களிமண்ணை உருவாக்கியது இதற்காகத்தான். ஏரியில் தூவினால் பாஸ்பரஸ் அடியில் பூட்டப்பட்டுவிடும். பாசியைத் தடுக்க அருமையான வழி.

ஆனால் பூட்டிய பாஸ்பரஸை நெல்லின் வேர் திறக்க முடியுமா? மிகக் கடினம். லாந்தனம் பாஸ்பேட் கரையவே கரையாத வகையைச் சேர்ந்தது. அந்தக் கரியை வயலில் போட்டால், மண்ணுக்குப் பாஸ்பரஸ் கிடைத்ததாகக் கணக்கில் இருக்கும். பயிருக்குப் பெரிதாகக் கிடைக்காது. இரும்பும் அலுமினியமும் இந்த அளவுக்குக் கறார் இல்லை என்றாலும், அவையும் பாஸ்பரஸை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

மெக்னீசியமும் கால்சியமும் வேறு ரகம். பிடிக்கும், பிறகு மெல்ல விடும். வேர் சுரக்கும் அமிலங்கள் அந்தப் படிகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். மெக்னீசியம் மிகுந்த தக்காளிச் செடியைக் கரியாக்கி, அதில் பாஸ்பேட்டைப் பிடித்து, அந்தக் கரியில் இருந்து பாஸ்பரஸ் மெதுவாக, பலமுறை வெளிவருவதைக் காட்டினார்கள். அதைப் போட்டுப் புல் விதையை முளைக்கவைத்தும் பார்த்தார்கள். நன்றாகவே வளர்ந்தது.

ஆகவே இந்தத் துறையில் வரும் ஒவ்வொரு அறிவிப்பையும் நாம் ஒரே கேள்வியால் சோதிக்க வேண்டும்: பிடித்ததில் பயிருக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? அதற்குப் பதில் இல்லாவிட்டால் அது சுத்திகரிப்பு மட்டுமே, மீட்பு இல்லை.

ஆய்வுக்கூட எண்ணும் சாக்கடை எண்ணும்

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஒரு கிராம் கரி 100 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸைப் பிடித்ததாக ஆய்வுகள் வருகின்றன. பொய்யில்லை. ஆனால் அவை பெரும்பாலும் வடிநீரில் பாஸ்பேட் உப்பைக் கரைத்து, அதிக அடர்த்தியில் செய்தவை. வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம்தான் இருக்கும். அதோடு பைகார்பனேட், சல்பேட், கரிமப் பொருட்கள் எல்லாம் அதே இடத்துக்குப் போட்டி போடும். எண் நிச்சயம் குறையும்.

கொஞ்சம் தாராளமாகவே, ஒரு கிராமுக்கு 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். தினம் 10 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையம் ஒன்று. லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்றால் தினம் 600 கிலோ பாஸ்பரஸ், அதாவது 60 டிஏபி மூட்டைக்குச் சமம். அதைப் பிடிக்கத் தினம் 30 டன் கரி வேண்டும். அந்தக் கரியைத் தயாரிக்க அதைப் போல மூன்று நான்கு மடங்கு பயிர்க் கழிவு வேண்டும். நடக்கிற காரியமா?

பெரிய நிலையங்களுக்கு வேறு வழி இருக்கிறது. கசடைப் பிழிந்து வரும் நீரில் பாஸ்பரஸ் பல மடங்கு அடர்த்தியாக இருக்கும். அங்கே நேரடியாக ஸ்ட்ரூவைட் படிகம் எடுக்கலாம். சிகாகோவின் ஸ்டிக்னி சுத்திகரிப்பு நிலையத்தில் 2016ல் இருந்து இந்த முறை இருக்கிறது. ஆனால் அதற்கு உலை, ரசாயனம், எந்நேரமும் கவனிக்கும் ஆட்கள் வேண்டும்.

கரியின் இடம் சின்ன நிலையங்களில். மறுபடியும் உங்கள் 400 பேர் அபார்ட்மென்ட்டுக்கு வருவோம். கசடுக்குப் போனது போக, நீரில் தினம் 360 கிராம் பாஸ்பரஸ் மிஞ்சுவதாக வைத்தால், தேவைப்படும் கரி தினம் 18 கிலோ. ஏற்கெனவே இருக்கும் மணல் வடிகட்டியை அடுத்து ஒரு கரித் தொட்டி. நிறைந்ததும் மாற்ற வேண்டும். பேரூராட்சி நிலையம், பால் பண்ணை, இறைச்சிக்கூடம், சாண எரிவாயுக் கலன் போன்ற இடங்களுக்கும் இதே அளவுதான் பொருந்தும்.

தமிழ்நாட்டில் செய்ய முடியுமா?

பொருட்களைப் பொறுத்தவரை நமக்குக் குறை இல்லை. ராமநாதபுரத்தில் கரி போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில் உப்பளங்கள். உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு நிறைந்திருக்கிறது. ஸ்ட்ரூவைட் ஆய்வுகளில் அதை மலிவான மெக்னீசியமாகப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். கரியும் கசப்பு நீரும் பக்கத்து பக்கத்து ஊர்களில் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

'கழிவில் இருந்து உரமா, ச்சீ' என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: நமக்கு இது புதிதில்லை. மதுரை அவனியாபுரத்தில் நகரக் கழிவுநீரைப் பாய்ச்சி மாட்டுத்தீவனப் புல் வளர்த்தார்கள். திருச்சி மாவட்டம் முசிறியில் சிறுநீரைத் தனியாகச் சேகரிக்கும் பொதுக் கழிப்பறை வந்தது. பயன்படுத்துபவருக்கே சிறு தொகை கொடுத்தார்கள்.

ஆனாலும் எல்லா வயலுக்கும் இந்தக் கரி ஏற்றதில்லை. மெக்னீசியம் ஏற்றிய கரி காரத்தன்மை உடையது. நீலகிரி போன்ற அமில மண்ணுக்குப் பொருந்தும். ஏற்கெனவே களர் ஏறிய நிலத்தில் போடுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். அதேபோல, தொழிற்சாலைக் கழிவு கலக்கும் சாக்கடையில் இருந்து எடுத்த கரியில் கன உலோகங்கள் வரலாம். வீட்டுக் கழிவுநீர் மட்டும் வரும் இடத்தில்தான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் சோதித்த பிறகே வயலுக்கு அனுப்ப வேண்டும்.

காசு யார் கொடுப்பது?

இங்கே ஒளிவுமறைவு இல்லாமல் பேசிவிடலாம். கிராமுக்கு 20 மில்லிகிராம் என்ற கணக்கில், ஒரு டிஏபி மூட்டையின் பாஸ்பரஸுக்குச் சமமாக 500 கிலோ கரி வேண்டும். அந்த மூட்டையை விவசாயி 1,350 ரூபாய்க்கு வாங்குகிறார், அதில் நைட்ரஜனும் சேர்த்து. அப்படியானால் கரி கிலோ 2 ரூபாய் 70 காசுக்கு மேல் போகக் கூடாது. அந்த விலைக்கு யாரும் கரி போட்டுத் தர மாட்டார்கள். உர விற்பனையை மட்டும் நம்பி இந்தத் தொழில் நிற்காது.

அப்படியானால் கைவிட்டுவிடலாமா? கூடாது. அந்தக் கணக்கில் இரண்டு வரவுகள் விட்டுப்போயிருக்கின்றன. ஒன்று, அரசு டிஏபிக்குக் கொடுக்கும் மானியம். இன்னொன்று, ஏரி கெடாமல் இருப்பதன் மதிப்பு. இரண்டாவதற்கு இன்று நம் ஊரில் விலையே இல்லை. காரணம் எளிது: 2017ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வெளியிட்ட அறிவிக்கையில் பாஸ்பரஸுக்கு வரம்பே வைக்கவில்லை. 2019ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஏரி குளங்களில் விடும் நீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற நிபுணர் குழுவின் வரம்பை ஏற்றது. அது நல்ல தொடக்கம்.

ஆனால் வரம்பு மட்டும் வைத்தால் என்ன நடக்கும்? எல்லோரும் மலிவான வழியைத் தேடுவார்கள். படிகாரத்தையோ இரும்பு உப்பையோ கொட்டினால் பாஸ்பரஸ் கசடில் இறங்கிவிடும். நீர் தெளிந்துவிடும், வரம்பும் நிறைவேறிவிடும். பாஸ்பரஸ் பூட்டப்பட்ட கசடு குப்பைமேட்டுக்குப் போகும். நாம் மறுபடியும் கப்பலுக்குக் காத்திருப்போம்.

ஜெர்மனி இந்தப் பொறியைக் கண்டுகொண்டது. 2017ல் கொண்டுவந்த கசடு விதியில், பாஸ்பரஸை நீக்கு என்று மட்டும் சொல்லாமல், மீட்டெடு என்று சொன்னது. 1 லட்சம் பேருக்கு மேற்பட்ட அளவுள்ள நிலையங்களுக்கு 2029, 50 ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 2032 என்று கெடு வைத்தது. பாஸ்பேட் பாறைக்குப் பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருக்கும் ஐரோப்பிய ஒன்றியம் அதை முக்கிய மூலப்பொருட்கள் பட்டியலில் 2014ல் இருந்தே வைத்திருக்கிறது.

என்ன செய்யலாம்?

நாம் கேட்பது மூன்று விஷயங்கள்.

முதலில், அளந்து சொல்லுங்கள். ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையமும் உள்ளே வரும் பாஸ்பரஸையும் வெளியே போகும் பாஸ்பரஸையும் அளந்து பொதுவெளியில் வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. அளக்காத பொருளை யாரும் திருட்டுப்போனதாகக்கூடச் சொல்ல முடியாது.

இரண்டாவது, சின்னதாக, உண்மையான சாக்கடையில் சோதியுங்கள். அருகிலேயே விளைநிலம் உள்ள ஒரு பேரூராட்சி நிலையம் போதும். 500 கிலோ கரியை லாரியில் ஏற்றித் தூரமாகக் கொண்டுபோனால் இருக்கிற லாபமும் டீசலில் போய்விடும். கரி, உப்பள நீர், கழிவுநீர், வயல் நான்கையும் ஒரே வட்டத்துக்குள் வைத்து, குறைந்தது இரண்டு மூன்று பருவம் பயிர் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அந்தச் சோதனையின் வெற்றியை வயலில் அளந்திடுங்கள். நீரில் இருந்து எத்தனை சதவீதம் நீங்கியது என்பதோடு, அடுத்த அறுவடையில் எத்தனை கிலோ டிஏபி குறைந்தது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எஸ்டிபி பராமரிப்பு பற்றிப் பேச்சு வரும். 'நம்ம தண்ணியில பாஸ்பரஸ் எவ்ளோ போகுது?' என்று கேளுங்கள். அனேகமாக யாரிடமும் பதில் இருக்காது. பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த மாத ஆய்வக அறிக்கையில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். 20 மூட்டை போகிற இடம் தெரிந்தால்தான், அதில் இரண்டு மூட்டையையாவது திரும்பக் கொண்டுவருவது பற்றிப் பேச முடியும்.